விலை இறங்கும் ஊர்களில்

அக்டோபர் 31, 2025, குவாங்ஜோ

கொல்கத்தாவிலிருந்து குவாங்ஜோவுக்கான நேரடி விமானம், ஐந்தாண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு, இம்மாதம் 26ஆம் தேதிதான் மீண்டும் பறக்கத் தொடங்கியது. என்னுடன் வந்தவர்களில் சுற்றுலாப் பயணிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற எல்லாரும் கான்டன் கண்காட்சி எனப்படும் இவ்வூர் ஏற்றுமதிச் சந்தைக்கு வரும் வியாபாரிகள். 1957இல் தொடங்கி, பண்பாட்டுப் புரட்சியின் கொந்தளிப்பிலும் கைவிடப்படாமல் நடந்த அந்தக் கண்காட்சியின் மூன்றாம் கட்டம், துணிக்கும் பொம்மைக்கும் உரியது, இன்று காலை பஜோ வளாகத்தில் தொடங்கியது.

நேற்றுத்தான் டிரம்பும் ஷி ஜின்பிங்கும் தென் கொரியாவின் பூசானில் சந்தித்து, வரிச் சண்டையைக் கொஞ்சம் தணித்துக்கொண்டார்கள். அரங்கில் அதைப் பற்றி யாரும் குதூகலிக்கவில்லை. குழந்தைகள் ஆடை விற்கும் ஒருவர், தன் பெயர் அட்டையின் பின்புறத்தில் உள்நாட்டு விற்பனைக்கான க்யூஆர் குறியீடு ஒன்றைப் புதிதாக அச்சிட்டிருந்தார். ஏற்றுமதிக்குச் செய்ததை உள்நாட்டிலேயே விற்றுவிடுங்கள் என்று ஏப்ரலிலிருந்து அரசும் பெரிய இணைய அங்காடிகளும் வற்புறுத்துகின்றன. முயன்றும் பார்த்தாராம். அமெரிக்கக்காரன் ஆறு மாதம் முன்பே ஆர்டர் கொடுத்து, பெட்டி கப்பலேறியதும் பணம் தருவான். உள்ளூரிலோ முதலில் சரக்கைக் கொடுத்து, பிறகு தள்ளுபடி கொடுத்து, திரும்பி வந்த பாதியை வாங்கி வைத்துக்கொண்டு, மிச்சத்துக்கான பணத்துக்கு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்று அவர் சொன்னதை, என் மொழிபெயர்ப்பாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னார்.

சீனா எவ்வளவு உற்பத்தி செய்கிறது என்பதை உலகம் நெடுங்காலமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சீனர்கள் எதை வாங்குகிறார்கள், எதை வாங்கத் தயங்குகிறார்கள் என்பதே இம்முறை என் அக்கறை. இந்தியாவின் மொத்த உற்பத்தியில் குடும்பங்களின் நுகர்வு ஏறத்தாழ 60 சதவீதம். இங்கே அது 40 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. இந்த இடைவெளிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நவம்பர் 1, காங்லே

கிராமம் என்பது பெயரளவில்தான். ஹாய்ஜூ மாவட்டத்தில், சோங்டா துணிச்சந்தையை ஒட்டி, எதிர்வீட்டு ஜன்னலைக் கை நீட்டித் தொடும் அளவுக்கு நெருங்கி எழுந்த கட்டடங்களின் கூட்டம் அது. தரைத்தளத்திலும் முதல் தளத்திலும் தையல் பட்டறைகள், அதற்கு மேல் வாடகை அறைகள். தைப்பவர்களிலும் பட்டறை நடத்துபவர்களிலும் பெரும்பாலோர் ஹூபெய் மாநிலத்தவர்.

காலையில் தெருவின் இரு ஓரத்திலும் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். வேலை தேடி நிற்பவர்கள் என்றுதான் முதலில் எவரும் நினைப்பார்கள், நிற்பவர்கள் முதலாளிகள். ஒவ்வொருவர் கையிலும் ஹேங்கரில் மாட்டிய சாம்பிள் ஒன்றும், ஒரு பீஸுக்கு எத்தனை யுவான், மொத்தம் எத்தனை பீஸ் என்று எழுதிய அட்டையும் இருக்கின்றன. தையல்காரர்கள் நடுவில் நடந்து, சந்தையில் கத்தரிக்காய் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு போகிறார்கள்.

நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், நீலநிற மேல்சட்டை ஒன்றின் முன் நின்றார். அதை வாங்கி உட்புறமாகத் திருப்பினார். அக்குள் தையலை இரு விரலால் இழுத்துப் பார்த்தார். கழுத்துப் பட்டியில் எத்தனை மடிப்பு என்று நகத்தால் எண்ணினார். துணியின் ஓரத்தைக் கசக்கி விட்டு, அது வழுக்குகிறதா என்று கவனித்தார். ஒரு வார்த்தையும் பேசாமல் ஹேங்கரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தார். முதலாளி பின்னாலேயே வந்து அரை யுவான் கூட்டினார். வழுக்குத் துணி, ஓவர்லாக்கில் நிற்காது, நாள் முழுக்கத் தைத்தாலும் கட்டாது என்று சொல்லி அவர் அடுத்த ஹேங்கருக்குப் போய்விட்டார். திருப்பூரில் வளர்ந்தவன் என்பதால் பீஸ் ரேட் பேரம் எனக்குப் புதிதல்ல. ஆனால் தினமும் காலையில், தெருவில், முதலாளி வரிசையில் நின்று அது நடப்பதை நான் எங்கும் கண்டதில்லை.

காரணம் ஆர்டரின் அளவு. ஷீன் போன்ற இணைய நிறுவனங்கள் ஒரு வடிவத்தை முதலில் 100, 200 பீஸ் மட்டும் தைக்கச் சொல்லி, விற்பதைப் பார்த்துத் திரும்பவும் ஆர்டர் கொடுக்கின்றன. பட்டறைக்கு நாளை என்ன தைப்போம் என்று இன்று தெரியாது. நிரந்தர ஆள் வைத்துக் கட்டுப்படியாகாது. இதே முறையில்தான் 800 டாலருக்குக் குறைந்த சிறு பொட்டலங்கள் வரியின்றி அமெரிக்காவுக்குப் பறந்துகொண்டிருந்தன. சீனப் பொட்டலங்களுக்கான அந்தச் சலுகை மே 2ஆம் தேதியோடு முடிந்தது. ஆகஸ்ட் இறுதியில் இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி விழுந்ததும் திருப்பூரில் ஆர்டர்கள் கிடப்பில் விழுந்ததை அறிந்தவர்களுக்கு, காங்லேயில் சில பட்டறைகளின் ஷட்டர்மேல் ஒட்டியிருக்கும் 'வாடகைக்கு' தாள்களின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மதியம் அந்தப் பெண்மணியை ஒரு நூடுல்ஸ் கடையில் மறுபடி சந்தித்தோம். வேறொரு சட்டைக்கு ஒப்புக்கொண்டு, காலைக்குள் பாதியை முடித்திருந்தார். கூலி இரவே வீசாட் செயலியில் வந்துவிடுமாம். மகள் ஹூபெயில் பாட்டியிடம் வளர்கிறாள். ஊர்ப் பதிவு, அதாவது ஹூகோ, இங்கே இல்லாததால் குவாங்ஜோவின் அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பது கடினம். மருத்துவச் செலவும் சொந்த ஊர்க் கணக்கில்தான் ஒழுங்காகக் கிடைக்கும். இப்படிக் கிராமப் பதிவோடு கூலிவேலை செய்பவர்கள் நாடு முழுவதும் 30 கோடிப் பேர். உங்களுக்கான உடையை எங்கே வாங்குவீர்கள் என்று கேட்டேன். செல்பேசியைத் திறந்து, போன வாரம் வாங்கிய சட்டையைக் காட்டினார்: 29 யுவான், வீடு வந்து சேரும் கூலி இலவசம். துணி எவ்வளவு, கூலி எவ்வளவு, அதில் யார் வயிற்றில் அடித்து விலை இறங்கியது என்பதை அவரைவிடத் துல்லியமாகக் கணக்குப் போடக்கூடியவர் யாரும் இல்லை. வாங்கியவரும் அவர்தான்.

நவம்பர் 3, ஷென்ஜென்

1980இல் சிறப்புப் பொருளாதார மண்டலமாக அறிவிக்கப்பட்ட இந்த ஊரில், 2020 கணக்கெடுப்பின்படி ஒரு கோடியே 75 லட்சம் பேர். சாலையில் முதலில் கண்ணில் படுவது வண்டிகளின் எண் பலகை. பெட்ரோல் வண்டிக்கு நீலம், மின்வண்டிக்குப் பச்சை. சந்திப்பில் நின்று பார்த்தால் பச்சைதான் மிகுதி. நகரப் பேருந்துகள் அனைத்தும், 16,000க்கும் மேல், 2017 முடிவிலேயே மின்சாரத்துக்கு மாறிவிட்டன. இந்த ஊரிலேயே 1995இல் பேட்டரி செய்யத் தொடங்கிய பிஒய்டி நிறுவனம், இந்த மே மாதம் தன் சிறிய மின்காரை 55,800 யுவானுக்கு, நம் பணத்தில் சுமார் 7 லட்சம் ரூபாய்க்கு, இறக்கியது. மற்ற கம்பெனிகளும் வேறு வழியின்றி இறக்கின. இந்த வெட்டுக்குத்துப் போட்டியை நிறுத்துங்கள் என்று அரசே கண்டிக்கும் அளவுக்குப் போயிற்று. தொழிற்சாலை வாசல் விலைகளின் குறியீடு 2022 அக்டோபரிலிருந்து மூன்று ஆண்டுகளாகக் கீழ்நோக்கியே போகிறது. வாங்குபவனுக்கு நல்லதுதானே என்று ஊரில் சொல்வோம். வாங்குபவனின் சம்பளமும் ஏதோ ஒரு தொழிற்சாலை வாசலிலிருந்து வருவதுதான் சிக்கல்.

ஹுவாசியாங்பெய் மின்னணுச் சந்தையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். தாஃபென் ஓவியக் கிராமத்தைப் பற்றிச் சொல்கிறேன். 1989இல் ஹாங்காங்கிலிருந்து வந்த ஓவிய வியாபாரி ஒருவர் சில சீடர்களோடு இங்கே தொடங்கிய பட்டறை, ஆயிரக்கணக்கான கைகள் வான்காவின் சூரியகாந்தியை நாள் முழுக்க நகலெடுக்கும் ஊராக வளர்ந்தது. அமெரிக்க, ஐரோப்பிய அங்காடிகளுக்கும் விடுதிகளுக்கும் படங்கள் கட்டுக்கட்டாகப் போயின. 2008 நெருக்கடியில் அந்த வாசல் ஒடுங்கியதும், உள்நாட்டில் புதிதாக எழுந்த கோடிக்கணக்கான அடுக்குமாடி வீடுகளின் வெற்றுச் சுவர்கள் இவர்களைக் காப்பாற்றின. இப்போது அந்தச் சுவர்களும் குறைந்துவிட்டன.

சந்துக்குள் ஒரு கடைக்காரர் தன் நகல் மேசைகளில் பாதியை ஒழித்து, நாற்காலி போட்டு, ஏப்ரன் தொங்கவிட்டிருக்கிறார். வார இறுதியில் இளைஞர்கள் வந்து, சில பத்து யுவான் கொடுத்து, தாங்களே ஒரு படத்தை வரைந்து எடுத்துப்போகிறார்கள். வீடு வாங்க முடியாதவர்கள், ஆனால் இரண்டு மணி நேர மகிழ்ச்சிக்குக் கொடுக்கத் தயங்காதவர்கள் என்று அவர் அவர்களைச் சொன்னார். லபூபூ பொம்மைக்குக் கடை திறக்குமுன் வரிசை நிற்பதும் இதே கணக்குத்தான். பெரிய செலவு எட்டாத தூரம் போனபின், சின்னச் செலவில் மனத்தைத் தேற்றிக்கொள்ளும் பழக்கம். அதைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை.

நவம்பர் 4, யிவு செல்லும் ரயிலில்

இந்த நாட்டின் அதிவேக ரயில் பாதை சென்ற ஆண்டு முடிவில் 48,000 கிலோமீட்டர். மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் போகும் வண்டியில் தேநீர் சிந்தவில்லை என்பதைப் பதிவு செய்துவிட்டு, ஜன்னலுக்கு வருகிறேன். சிறு நகரங்களின் விளிம்பில் முப்பது மாடிக் கட்டடங்கள் கூட்டமாக நிற்கின்றன. சிலவற்றில் ஜன்னல் சட்டங்கள் இல்லை; உச்சியில் நிற்கும் கிரேன் அசையவில்லை.

வீட்டை முதலில் விற்று, அந்தப் பணத்தில் கட்டத் தொடங்கி, மிச்சத்தில் அடுத்த மனையை வாங்குவது சீனக் கட்டுமான நிறுவனங்களின் வழக்கம். மனையை விற்பது உள்ளூர் அரசு. அதன் வரவுசெலவே அந்த விற்பனையை நம்பி ஓடியது. 2020 ஆகஸ்டில் கடனுக்கு மூன்று வரம்புகளை மத்திய அரசு விதித்ததும், 1996இல் குவாங்ஜோவில் பிறந்த எவர்கிராண்ட் என்ற கட்டுமான நிறுவனம் மூச்சுத் திணறியது. 2021இல் கடன் தவணை தவறி, 2024 ஜனவரியில் ஹாங்காங் நீதிமன்றத்தால் கலைக்கச் சொல்லப்பட்டு, இந்த ஆகஸ்டில் பங்குச் சந்தையிலிருந்தும் நீக்கப்பட்டது. அதன் கடன் சுமார் 30,000 கோடி டாலர். 2022 கோடையில், முடிவடையாத வீட்டுக்குத் தவணை கட்ட மாட்டோம் என்று பல நகரங்களில் மக்கள் மறுத்தார்கள்.

இங்கே ஒரு குடும்பத்தின் சேமிப்பில் பெரும்பகுதி வீடுதான். ஒற்றைப் பிள்ளைக்காகப் பெற்றோர், அப்பா வழித் தாத்தா பாட்டி, அம்மா வழித் தாத்தா பாட்டி எல்லாரும் முடிச்சை அவிழ்த்து முன்பணம் கட்டிய வீடு அது. அதன் விலை நான்கு ஆண்டுகளாக இறங்கினால், வருமானம் குறையாதவரும் தன்னை ஏழையாகவே உணர்வார். வங்கிகளில் குடும்பங்களின் வைப்புத்தொகை 150 லட்சம் கோடி யுவானைத் தாண்டிப் பெருகுவதன் காரணம் அதுதான். பணம் இல்லாமல் இல்லை. அது பயந்து உட்கார்ந்திருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர் எதிர் இருக்கையில் அரசு வேலைத் தேர்வுக்கான கேள்வித்தொகுப்பைப் படித்துக்கொண்டு வருகிறார். சென்ற ஆண்டு 39,700 இடங்களுக்குத் தகுதி பெற்ற விண்ணப்பங்கள் 34 லட்சம். 2023 ஜூனில் இளைஞர் வேலையின்மை 21.3 சதவீதத்தைத் தொட்டபோது அரசு அந்தக் கணக்கை வெளியிடுவதையே நிறுத்தி, மாணவர்களை விலக்கிய புதுக் கணக்கோடு 2024 ஜனவரியில் திரும்பி வந்தது. தனியார் வேலை என்றால் முப்பத்தைந்தில் அனுப்பிவிடுவார்கள் என்று அவர் மிகச் சாதாரணமாகச் சொன்னார்.

நவம்பர் 5, யிவு

விளைச்சல் குறைந்த மண் இது. சர்க்கரையைத் தோளில் சுமந்து ஊர் ஊராகப் போய், உரத்துக்காகக் கோழி இறகை மாற்றி வாங்கி வந்தவர்களின் ஊர். தெருவில் விற்பதே குற்றமாக இருந்த நிலை மாறி, 1982இல் உள்ளூர்க் கம்யூனிஸ்ட் கட்சித் தலைமை துணிந்து சந்தையைத் திறக்க விட்டது. இன்று ஏறத்தாழ 75,000 கடைகள். ஒரு தளம் முழுக்கப் பொத்தான், ஒரு தளம் முழுக்கக் குடை. 2014 முதல் இங்கிருந்து மாட்ரிட்டுக்குச் சரக்கு ரயில் 13,000 கிலோமீட்டர் ஓடுகிறது.

கிறிஸ்துமஸ் பிரிவு வெறிச்சோடியிருந்தது. அந்தச் சரக்கு கோடையிலேயே கப்பலேறிவிடும். அடுத்த ஆண்டுக் கால்பந்து உலகக் கோப்பைக்கான கொடிகளும் ஊதுகுழல்களும்தான் இப்போது குவிந்து கிடக்கின்றன. வளாகத்துக்கு வெளியே ஓர் இந்திய உணவகத்தில், சென்னைப் பாரிமுனையில் மொத்த வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவர் என் தமிழைக் கேட்டு, "தம்பி, எந்த ஊரு?" என்றார். இருபது ஆண்டாக வந்துபோகிறவர். முன்பு பொம்மை, 2023இல் பொம்மைக்கு நம் அரசு 70 சதவீத வரி போட்டதும் கைவிட்டு, சமையலறைச் சாமானுக்கு மாறினார். "முன்னெல்லாம் கடைக்காரங்க அமெரிக்காக்காரன் வந்தா நம்மளத் திரும்பிப் பாக்க மாட்டாங்க. இப்ப டீ குடுத்து உக்கார வைக்கிறாங்க. விலையும் குறைக்கிறாங்க, அதான் கவலையா இருக்கு" என்றார். ஏன் கவலை, அண்ணாச்சி, என்று கேட்டேன். எதைக் குறைத்து இந்த விலைக்குத் தருகிறார்கள் என்று தெரிய வேண்டாமா என்று, தட்டிலிருந்த எவர்சில்வர் கரண்டியை வளைத்துக் காட்டினார்.

நவம்பர் 7, ஹாங்ஜோ

1999இல் அலிபாபா பிறந்த நகரம். நவம்பர் 11 தள்ளுபடித் திருவிழாவை அது 2009இல் தொடங்கியது. 2021இல் 54,030 கோடி யுவான் விற்பனை என்று திரையில் எண்கள் ஓடின. 2022லிருந்து மொத்தத்தை அறிவிப்பதில்லை. ஒருநாள் திருவிழா இப்போது அக்டோபர் நடுவிலேயே தொடங்கி ஒரு மாதம் நீள்கிறது. ஒரு பண்டிகையை இப்படி இழுத்தால் பண்டிகை என்ற உணர்வு எப்படி நிற்கும்?

இணையத்தில் நேரலையாகப் பேசிப் பொருள் விற்கும் கூடம் ஒன்றைப் பார்க்க அனுமதித்தார்கள். கண்ணாடித் தடுப்புகளுக்குள், ஒவ்வொரு விளக்கு வளையத்தின் முன்னும் ஒரு பெண். பேச்சு நிற்பதே இல்லை. அலமாரியில் தொங்கிய கம்பளிக் கோட்டின் மார்பில் எழுதும் தாள் அளவுக்குப் பெரிய அட்டை ஒன்று கட்டப்பட்டிருந்தது. 'கழற்றினால் திரும்பப் பெற மாட்டோம்' என்று அதில் தடித்த எழுத்து. இணையத்தில் வாங்கியதைக் காரணம் சொல்லாமல் ஏழு நாளில் திருப்பலாம் என்பது 2014 முதல் சட்டம். வாங்கி, ஒரு வாரம் அணிந்து, படம் எடுத்து, திருப்பி அனுப்புபவர்கள் பெருகிவிட்டதால், அணிந்துகொண்டு தெருவில் போக முடியாத அளவில் அட்டை. பெண்கள் உடையில் பாதிக்கு மேல் திரும்பி வருகிறது என்று கூடத்தின் மேலாளர் சொன்னார். திரும்பி வந்த கோட்டை மீண்டும் இஸ்திரி போட்டு மடிப்பவர் கூலியும் விலைக்குள்தான் இருக்கிறது.

2023 செப்டம்பரில், நேரலை விற்பனையின் முடிசூடா மன்னரான லி ஜியாச்சி, 79 யுவான் புருவப் பென்சில் விலை அதிகமாக இருக்கிறதே என்று கேட்ட வாடிக்கையாளரிடம், இத்தனை ஆண்டில் உங்கள் சம்பளம் உயர்ந்ததா, ஒழுங்காக உழைத்தீர்களா என்று கேட்டுவிட்டார். நாடு கொதித்தது. மறுநாள் இரவு நேரலையில் அழுதுகொண்டு மன்னிப்புக் கேட்டார். வாயாடித்தனத்துக்காக மட்டும் அந்தக் கோபம் வந்திருக்காது. உழைத்தும் சம்பளம் உயராதவர்கள் அத்தனை பேர் ஒரே நேரத்தில் அந்தத் திரையின் முன் இருந்தார்கள்.

நவம்பர் 8, ஷாங்காய்

சனிக்கிழமை என்பதால் மக்கள் பூங்காவில் வரன் சந்தை. தரையில் விரித்து வைத்த குடைகள்மேல் தாள்கள்: பிறந்த ஆண்டு, உயரம், படிப்பு, ஷாங்காய் ஹூகோ உண்டா, வீடு உண்டா. நிற்பவர்கள் பெற்றோர், பிள்ளைகள் ஒருவரையும் காணோம். 2013இல் 1 கோடியே 34 லட்சமாக இருந்த திருமணப் பதிவுகள் 2024இல் 61 லட்சமாகச் சுருங்கிவிட்டன. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆண்டுக்கு 3,600 யுவான் என்று இந்த ஜூலையில் அரசு உதவித்தொகை அறிவித்ததைப் பற்றிக் கேட்டபோது, ஒரு தந்தை கைவிரல்களை மடக்கி, பால்மாவு எத்தனை மாதம் வரும் என்று எண்ணிக் காட்டினார்.

நாஞ்சிங் சாலையில் லக்கின் காபி 9.9 யுவானுக்குக் கிடைக்கிறது. 2020இல் கணக்கு மோசடியில் மாட்டி, செத்துவிட்டது என்று எல்லாரும் நினைத்த அந்த நிறுவனம், 2023இல் சீன விற்பனையில் ஸ்டார்பக்ஸை முந்தியது. ஸ்டார்பக்ஸ் தன் சீனத் தொழிலில் 60 சதவீதம் வரை உள்ளூர் முதலீட்டு நிறுவனம் ஒன்றுக்கு விற்பதாக இந்தத் திங்களன்று அறிவித்திருக்கிறது. முப்பது யுவான் காபியைக் கையில் பிடித்து நடப்பதே பெருமையாக இருந்த காலம் முடிந்தது என்பதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

மதிய உணவு, முதியோருக்காக மாநகராட்சி ஆதரவில் நடக்கும் குடியிருப்பு உணவகம் ஒன்றில். மேசைகளில் பாதி இளைஞர்கள். அலுவலக அடையாள அட்டையோடு வந்து, பெரியவர்களின் பின்னால் தட்டேந்தி நிற்கிறார்கள். தட்டு எடுக்கும் அம்மையார் ஆன்ஹுய் மாநிலக் கிராமத்தவர், வயது 58. இங்கே ஓய்வுபெற்ற ஊழியர்களுக்கு மாதம் ஆயிரக்கணக்கில் ஓய்வூதியம் வருகிறது. கிராமப் பதிவுக்காரருக்கு அரசு தரும் அடிப்படைத் தொகை இந்த ஆண்டு உயர்த்தப்பட்ட பின்னும் மாதம் 143 யுவான். மொத்தமாக இருநூறு சொச்சம் வந்தால் அதிகம். அதனால் அவர் சம்பளத்தில் பெரும்பகுதியைச் செலவழிப்பதில்லை. அக்டோபர் 20 முதல் 23 வரை கூடிய கட்சிக் கூட்டம், அடுத்த ஐந்தாண்டில் மக்களின் நுகர்வுப் பங்கைக் குறிப்பிடத்தக்க அளவு உயர்த்துவோம் என்று தீர்மானித்திருக்கிறது. கூப்பன்களும் மானியங்களும் இரண்டு மாத விற்பனையைத் தூக்கிவிடலாம். முதுமையைப் பற்றிய இந்த அம்மையாரின் அச்சத்தைத் தீர்க்காமல் அந்தப் பங்கு உயரும் என்று நான் நம்பவில்லை.

பழைய குளிர்சாதனப் பெட்டியைக் கொடுத்துப் புதியது வாங்கினால் அரசு 15 முதல் 20 சதவீதம் வரை தருகிறதே, வாங்கினீர்களா என்று கேட்டோம். அறையில் ஆறு பேர் தங்கியிருக்கிறோம், அதை எங்கே வைப்பது என்று கேட்டுவிட்டு, அடுத்த மேசைத் தட்டுகளை எடுக்கப் போனார்.